அனாமத்தும் /டெவ்/நல்லும்

போன வாரம் ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், தான் எழுதின ஷெல் ஸ்க்ரிப்ட்டைக் கொண்டுவந்து காட்டினான். ஸ்க்ரிப்ட் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அஞ்சாறு வரிக்கு ஒருதரம் வரியோட கடைசில ஒரே மாதிரி ஒரு வால் தொங்குது: 2>/டெவ்/நல்.

"எதுக்குப்பா இது?"

"அது இல்லேன்னா சும்மா கத்திக்கிட்டே இருக்கு சார்."

சிரிச்சுட்டேன். ஏன் சிரிக்கிறேன்னு அவனுக்குப் புரியலை. 2013-ல இதே பதிலை நானும் ஒருத்தங்களுக்குச் சொல்லியிருக்கேன். அந்தக் கதையை எழுதணும்னு ரொம்ப நாளா எண்ணம். கொஞ்சம் வெட்கமா இருந்ததால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். இன்னிக்கு எழுதிடறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. பி.காம். ரொக்கப் புத்தகம், பேரேடு, இருப்பாய்வுன்னு படிச்சுட்டு வங்கிக்குள்ள நுழைஞ்ச ஆள். நாள் முடிவு வேலைகளை யாராவது பார்த்துக்கணும், வெண்டர்கிட்ட கேட்டா ஒவ்வொரு வரிக்கும் பில் போடறான்னு மேலதிகாரி என்னைப் பிடிச்சுத் தள்ளிவிட்டார். அப்படி யூனிக்ஸ் பழகினேன். அதனால கீழே நான் சொல்றதுல கம்ப்யூட்டர்காரங்களுக்குப் புதுசா ஒண்ணும் இருக்காது. இன்னொண்ணு, கட்டளைகளையெல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதறேன். தட்டும்போது ஆங்கிலத்துல தட்டிக்குங்க :-)

யூனிக்ஸ்ல எந்த ப்ரோக்ராம் ஓடினாலும் அதுக்கு மூணு வாசல் உண்டு. 0-ங்கிற வாசல் வழியா விஷயம் உள்ள போகும். 1-ங்கிற வாசல் வழியா முறையான விடை வெளிய வரும். 2-ங்கிறது புகார் வாசல். "ஃபைல் இல்லை", "உனக்கு அனுமதி இல்லை", "டிஸ்க்ல இடமில்லை"ன்னு எது சொல்லணும்னாலும் அது 2 வழியாத்தான் வரும். திரைல பார்த்தா 1-ல வந்ததும் 2-ல வந்ததும் ஒண்ணாக் கலந்து தெரியறதால இது ரெண்டு வாசல்னே பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்த ரெண்டாவது வாசல் ஆரம்பத்துல கிடையாதாம். 1970-கள்ல அமெரிக்காவில பெல் ஆய்வுக்கூடத்துல, யூனிக்ஸ் பிறந்த இடத்துலயே, ஒரு ஃபோட்டோ டைப்செட்டர் இருந்துச்சு. ஃபிலிம் கழுவற மாதிரி காகிதத்தைக் கழுவி எடுத்தாத்தான் அச்சு தெரியும். காத்திருந்து, கழுவி, காயவெச்சுப் பார்த்தா, முழுக் கட்டுரைக்குப் பதிலா "இந்த ஃபைலைத் திறக்க முடியலை"ன்னு ஒரே ஒரு வரி, அருமையான எழுத்துருவுல அச்சாகி இருக்குமாம்! புகாரும் விடையும் ஒரே வாசல்ல வந்ததோட விளைவு. இப்படிப் பல தடவை காகிதம் வீணான பிறகுதான் புகாருக்குத் தனி வாசல் வெச்சாங்க. 1975-ல வந்த ஆறாம் பதிப்புல அது இருக்கு. புகார் நம்ம கண்ணுல படணும்னே கட்டின வாசல் அது.

அந்த வாசலை அடைக்கிற செங்கல்தான் 2>/டெவ்/நல். /டெவ்/நல்-ங்கிறது ஒரு பாழுங்கிணறு. எதைப் போட்டாலும் வாங்கிக்கும். "போட்டாச்சு, சரி"ன்னும் சொல்லும். திரும்ப எடுக்க முடியாது.

சரி, என் கதைக்கு வர்றேன்.

இங்க அமீரகத்துல 2009-லேர்ந்து தொழிலாளர் சம்பளத்தை வங்கி வழியாத்தான் கொடுக்கணும்னு ஒரு ஏற்பாடு, டபிள்யூ.பி.எஸ்.னு பேரு. இங்க இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கம்பெனி ஒரு சம்பளப் பட்டியல் ஃபைல் கொடுக்கும். வங்கி கம்பெனி கணக்குல பற்று வெச்சு, ஒவ்வொரு ஆளோட கணக்குக்கோ எக்ஸ்சேஞ்ச் கார்டுக்கோ பணத்தை அனுப்பும். சிலது திரும்பி வரும். ஆள் பழைய கணக்கை மூடிட்டு கார்டுக்கு மாறியிருப்பான், கம்பெனி பட்டியல்ல பழைய கணக்கு எண்ணே இருக்கும். அந்த மாதிரி திரும்பின விவரம் "ரிட்டர்ன் ஃபைல்"னு தனியா வரும். அதை ஒரு ஃபோல்டர்லேர்ந்து சரிபார்க்கிற பிரிவோட ஃபோல்டருக்கு நகல் எடுத்து வைக்கணும். அவங்க பார்த்து, கம்பெனிக்குச் சொல்லி, சரியான எண்ணை வாங்கித் திரும்ப அனுப்புவாங்க.

இந்த நகல் எடுக்கிற வேலைக்கு நான் எழுதின வரி:

சிபி /இன்கமிங்/ரிட்டர்ன்_* /ரீகான்/ 2>/டெவ்/நல்

அதுக்கு அடுத்த வரி:

எக்கோ "ரிட்டர்ன் ஃபைல் நகல் முடிந்தது"

ஏன் அந்த வால்? பல நாள் ரிட்டர்ன் ஒண்ணுமே வராது. அன்னிக்கெல்லாம் "அப்படி ஒரு ஃபைல் இல்லை"ன்னு சிபி கத்தும். அதைப் பார்த்துட்டு இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் எனக்கு ரெண்டு மணிக்கு ஃபோன் போடுவார். மூணு நாலு ராத்திரி தூக்கம் போச்சு. வாலைச் சேர்த்தேன். ஃபோன் நின்னுச்சு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவன் கதைன்னு அப்பத் தோணலை. பெரிய சாமர்த்தியம்னு நினைச்சுக்கிட்டேன்.

2013 மே மாசம். ஒரு வெள்ளிக்கிழமை (அப்ப இங்க வெள்ளி-சனிதான் வார விடுமுறை) சர்வர்ல ஏதோ பராமரிப்பு வேலை. அதுல அந்த ரீகான் ஃபோல்டரோட உரிமை மாறிப்போச்சு. ஞாயித்துக்கிழமைலேர்ந்து என் ஸ்க்ரிப்ட்டுக்கு அங்க எழுத அனுமதி இல்லை. சிபி ஒவ்வொரு ராத்திரியும் "அனுமதி இல்லை, அனுமதி இல்லை"ன்னு கத்தியிருக்கு. ஆனா "ஃபைல் இல்லை"ங்கிறதும் "அனுமதி இல்லை"ங்கிறதும் வர்றது ஒரே 2-ஆம் வாசல். ஒண்ணுக்காக அடைச்சேன், ரெண்டும் போச்சு.

இதுல கொடுமை அடுத்த வரி. சிபி தோத்தாலும் ஜெயிச்சாலும் "முடிந்தது"ன்னு எழுதிடும். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு எண்ணை விட்டுட்டுப் போகும், எக்ஸிட் கோட்னு சொல்வாங்க. 0-ன்னா சுகம், வேற எதுன்னாலும் கோளாறு. முழு ஸ்க்ரிப்ட்டுக்குக் கணக்கு கடைசிக் கட்டளையோட எண்தான். கடைசிக் கட்டளை எக்கோ. "முடிந்தது"ன்னு எழுதறதுல அது ஏன் தோக்கப்போகுது? ஆகவே 0. ஆகவே ஆபரேட்டரோட திரைல பச்சை விளக்கு. சரிபார்க்கிற பிரிவுக்காரங்க ஃபோல்டரைத் திறந்து பார்த்து, "அட, இன்னிக்கும் ரிட்டர்ன் இல்லை"ன்னு சந்தோஷப்பட்டிருக்காங்க. ஒன்பது வேலை நாள்.

எப்படித் தெரிய வந்துச்சுன்னா, அக்கவுண்ட்ஸ் பிரிவுல ஒரு மலையாளி சேச்சி இருந்தாங்க. பத்தாவது நாள், வியாழக்கிழமை, எனக்கு ஃபோன். "சாரே, சம்பள ரிட்டர்ன் சஸ்பென்ஸ் கணக்குல 74,300 திர்ஹம் நிக்குது. தினம் ஏறுதே ஒழிய இறங்கவே இல்லை. என்ன விஷயம்?"

ஃபைலை நான் தொலைச்சேன், சரி. ஆனா பணம் தொலையலை. திரும்பி வந்த ஒவ்வொரு சம்பளமும் "யாருதுன்னு தெரியற வரைக்கும் இங்க இரு"ன்னு சஸ்பென்ஸ் கணக்குல உக்காந்திருக்கு. கணக்குப்பதிவு முறை அதுக்குப் பழைய வழக்கப்படி ஒரு இடம் வெச்சிருந்துச்சு. என் ஸ்க்ரிப்ட்ல அந்த மாதிரி இடமே இல்லை.

சேச்சி நேர்ல வந்து ஸ்க்ரிப்ட்டைக் காட்டச் சொன்னாங்க. "இந்த வால் எதுக்கு?" "அது இல்லேன்னா சும்மா கத்திக்கிட்டே இருக்கும் சேச்சி." அவங்க ஒண்ணும் சொல்லலை. 74,300-ங்கிற எண்ணைத் தாள்ல எழுதி என் மேஜைல வெச்சுட்டுப் போய்ட்டாங்க.

61 பேரோட சம்பளம் அது.

அன்னிக்கு சாயந்திரமே கம்பெனிகளுக்குத் தகவல் போச்சு. ஒரு கம்பெனியோட ஃபோர்மேன், நாலு பேரைப் புதுக் கார்டு விவரத்தோட கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டார். அதுல ஒருத்தன் தமிழ் பேசினான். நடுநடுவே ஒரு தெலுங்கு வாடை.

"எந்த ஊருப்பா?"

"தமிழ்நாடு சார்."

"தமிழ்நாட்டுல எங்க?"

"பள்ளிப்பட்டு பக்கம் சார். உங்களுக்குத் தெரியாது."

தெரியாதா! எனக்கு பாலசமுத்திரம். சித்தூர் ஜில்லா. ஆந்திராக்காரன், ஆனா வீட்டுல தமிழ். பள்ளிப்பட்டு எங்களுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம். 1960-ல எல்லையைத் திருத்தினப்ப திருத்தணி பக்கம் மெட்ராஸோட போச்சு, நாங்க இந்தப் பக்கம் நின்னோம். கல்யாணம், காதுகுத்து, சந்தை எல்லாத்துக்கும் கோட்டைத் தாண்டிப் போய்க்கிட்டு வந்துக்கிட்டுதான் இருப்போம். சொன்னதும் அவன் முகத்துல ஒரு வெளிச்சம். "அண்ணே, நீங்க நம்ம ஊருப் பக்கமா?" சார் போய் அண்ணன் ஆயிட்டேன்.

அவன் கோபப்பட்டிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். கோபமே இல்லை. "வீட்டுல நகை அடகுல இருக்குண்ணே, கெடு தாண்டிடுச்சு. மச்சான்கிட்ட கைமாத்து வாங்கி வட்டி கட்டினாளாம். ஜூன்ல பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் வேற. கம்பெனில கொஞ்சம் லேட்டு, மத்தபடி எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்"ன்னான். பணம் வந்துடும்ல அண்ணேன்னு ஒரு தரம்தான் கேட்டான்.

வந்துடும்னேன். ஞாயித்துக்கிழமை வந்தும்போச்சு. ஆனா, தம்பி, உன் சம்பளம் நின்னதுக்குக் காரணம் நான் தூங்கறதுக்காக எழுதின ஒரு வால்தான்னு அவன்கிட்ட நான் சொல்லலை. இன்னிக்கு வரைக்கும் சொல்லலை.

மேலிடத்துக்கு அறிக்கை எழுதணும். "பராமரிப்பின்போது ஃபோல்டர் உரிமை மாறியதே காரணம்"னு எழுதினேன். பொய் இல்லை. சேச்சி படிச்சுப் பார்த்துட்டு, "இது நகல் நின்னதுக்குக் காரணம். ஒன்பது நாள் யாருக்கும் தெரியாமப் போனதுக்குக் காரணம் எங்க?"ன்னாங்க. அப்புறம்தான் அடுத்த பத்தியை எழுதினேன்.

அந்த வருஷம் ஊருக்குப் போனப்ப நைனாகிட்ட இதைச் சொன்னேன். (எங்க பக்கம் அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம்.) நைனா சித்தூர்ல ஒரு வெல்ல மண்டில குமாஸ்தாவா இருந்தவர். வாரத்துக்கு ஒருதரம்தான் வீட்டுக்கு வருவார். கோடை லீவுல சில நாள் என்னையும் கூட்டிக்கிட்டுப் போவார். நான் கணக்குப்பதிவு கத்துக்கிட்டது காலேஜ்ல இல்லை, அந்த மண்டில வெல்ல வாசனைக்கு நடுவில, ஈ ஓட்டிக்கிட்டுதான்.

ஒரு நாள் கணக்குல 37 ரூபாய் உதைச்சுது. அதிகமா இருக்கு. "37 ரூபாதானே நைனா, சில்லறைச் செலவுல தட்டிவிட்டுடலாமே"ன்னேன். நைனா என்னைத் திட்டலை. பேரேட்டுல கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "அனாமத்து"ன்னு தலைப்புப் போட்ட இடத்துல தேதி, தொகை, எந்த வண்டி, எந்தத் தராசுன்னு தெரிஞ்ச வரைக்கும் எழுதினார். நாலு மாசம் கழிச்சு கார்வேட்டிநகரம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர் வந்து, தனக்கு ஒரு உருண்டைக்குக் காசு குறைவா வந்ததுன்னார். நைனா அந்தப் பக்கத்தைத் திருப்பி, தேதியைப் பார்த்து, 37 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். பேச்சே இல்லை.

பேச்சுவழக்குல அனாமத்துன்னா கேட்பாரற்றதுன்னு சொல்றோம். ஆனா அது அமானத்துங்கிற அரபுச் சொல்லிலேர்ந்து வந்தது. ஒருத்தரை நம்பி ஒப்படைச்ச பொருள்னு அர்த்தம். இங்க அரபிக்காரங்க வாயில "அமானா"ன்னு கேக்கறப்பெல்லாம் எனக்கு அந்தக் கடைசிப் பக்கம்தான் ஞாபகம் வரும். தமிழ்ல கணக்குப்பதிவு படிச்சவங்களுக்குத் தெரியும், சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டுக்குப் பாடப்புத்தகத்துலயும் அனாமத்துக் கணக்குன்னுதான் பேரு.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுட்டு நைனா கேட்டது ஒண்ணுதான். "61 பேருக்கும் போய்ச் சேர்ந்துச்சா? அனாமத்து பைசலாச்சா?" ஆச்சுன்னேன். அதுக்கப்புறம் மாங்காய் விலை பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார்.

இதுக்கப்புறம் "சத்தமே இல்லாம நின்னுபோன" சமாசாரம் எங்க வந்தாலும் விடாமப் படிக்க ஆரம்பிச்சேன். வங்கி உலகத்துலயே ரெண்டு உண்டு. 2016 பிப்ரவரில பங்களாதேஷ் மத்திய வங்கில திருடர்கள் ஸ்விஃப்ட் வழியா 10 கோடி டாலருக்கு மேல வெளிய அனுப்பிட்டாங்க. 8.1 கோடி பிலிப்பைன்ஸுக்கு, 2 கோடி இலங்கைக்கு. இலங்கைக்குப் போனதுல ஒரு எழுத்துப் பிழை இருந்ததால மாட்டிக்கிட்டுத் திரும்பிடுச்சு. அந்த ஸ்விஃப்ட் செய்திகள் தானா அச்சாகற பிரிண்டர் ஒண்ணு உண்டு. மறுநாள் காலைல பார்த்தா அதுல தாளே இல்லை. பிரிண்டர்தானே, வழக்கமான கோளாறுன்னு நினைச்சாங்க.

ரெண்டாவது நம்ம கும்பகோணம். 1904-ல ஆரம்பிச்ச சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரி 6-ஆம் தேதி, வெளியிலேர்ந்து புகுந்தவங்க ஸ்விஃப்ட்டோட இணைஞ்ச பிரிண்டரை முடக்கிட்டாங்க. அன்னிக்கு சாயந்திரம் வரவேண்டிய ஒப்புகைச் செய்திகள் அச்சாகலை. மூணு பொய் உத்தரவு: நியூயார்க் வழியா துபாய்க்கு 5 லட்சம் டாலர், ஃபிராங்ஃபர்ட் வழியா துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, நியூயார்க் வழியா சீனாவுக்கு 10 லட்சம் டாலர். மறுநாள் காலைல கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தவங்கதான் கண்டுபிடிச்சாங்க. முதல் உத்தரவு உடனே நின்னுபோச்சு. பாருங்க, திருடன் பெட்டகத்தை உடைச்சா மட்டும் போதாது, பிரிண்டரையும் சாத்தணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் என் வீட்டு பிரிண்டரை நானே சாத்திட்டுப் படுத்துக்கிட்ட ஆள். ஆனா கும்பகோணத்துலயும் சரி, என் விஷயத்துலயும் சரி, மாட்டிக்கொடுத்தது ஒண்ணேதான்: உக்காந்து கணக்கைப் பார்த்த யாரோ ஒருத்தர்.

அசல் ஸ்க்ரிப்ட் உதாரணம்னா கிட்லேப். உலகத்துல பல ப்ரோக்ராமர்கள் தங்கள் வேலையைச் சேமிச்சு வைக்கிற இடம். 2017 ஜனவரி 31 ராத்திரி, அங்க ஒரு இன்ஜினியர் களைப்புல எந்த சர்வர்ல இருக்கோம்னு தெரியாம, முக்கிய டேட்டாபேஸ் இருந்த டைரக்டரியை அழிச்சுட்டார். தப்புன்னு உணர்ந்து நிறுத்தறதுக்குள்ள சுமார் 300 ஜிபில நாலரை ஜிபிதான் மிச்சம். சரி, தினசரி பேக்கப் இருக்கேன்னு போய்ப் பார்த்தா, அந்த இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் எடுக்கிற ப்ரோக்ராம் 9.2 பதிப்பு. அது தினமும் "என்னால முடியலை"ன்னு பிழை கொடுத்து நின்னுக்கிட்டே இருந்திருக்கு. இங்க யாரும் 2>/டெவ்/நல் போடலை. பிழை வந்தா க்ரான் ஈமெயில் அனுப்பும்னு முறையாத்தான் ஏற்பாடு. ஆனா அந்த ஈமெயில்ல அனுப்புநரை உறுதிசெய்ற டிமார்க் விவரம் சரியில்லைன்னு மெயில் சர்வர் அத்தனையையும் திருப்பித் தள்ளியிருக்கு. பேக்கப் தோத்தது ஒரு பக்கம், தோத்ததைச் சொல்ல வந்த கடிதமும் வாசல்லயே செத்தது இன்னொரு பக்கம்.

தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி யாரோ கையால எடுத்து வெச்ச ஒரு நகல் காப்பாத்துச்சு. அதுக்கப்புறம் பதிவானது போச்சு. சுமார் 5,000 ப்ராஜெக்ட், 5,000 குறிப்பு, 700 புதுப் பயனர் கணக்கு. அவங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும். எதையும் மறைக்கலை. மீட்கிற வேலையையே யூடியூப்ல நேரலையா காட்டினாங்க. என் அறிக்கையோட முதல் வரைவை நினைச்சு நான் அன்னிக்குக் கூனிக் குறுகினேன்.

சரி, அப்ப எல்லாப் பிழையையும் கொட்ட விடணுமான்னா அதுவும் இல்லை. 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமெரிக்காவில நைட் கேபிடல்ங்கிற பங்குத் தரகு நிறுவனத்துல, சந்தை திறக்கறதுக்கு முன்னாடியே அவங்க சிஸ்டம் 97 ஈமெயில் அனுப்பியிருக்கு. இன்ன இடத்துல கோளாறுன்னு பேர் சொல்லியே. யாரும் அதை எச்சரிக்கைன்னு எடுத்துக்கலை. சந்தை திறந்த 45 நிமிஷத்துல வாங்கித் தள்ளின பங்குகளால 46 கோடி டாலருக்கு மேல நஷ்டம். யாரும் படிக்காத பெட்டில விழற புகாரும் கிணத்துல விழற மாதிரிதான்.

அதனால நான் இப்ப செய்யறது நைனாவோட கடைசிப் பக்கம். வால்ல பாழுங்கிணத்துக்குப் பதிலா ஒரு ஃபைல்: 2>>/லாக்/அனாமத்து. நிஜமாவே அந்தப் பேர்தான் வெச்சிருக்கேன். பாகிஸ்தானி ஆபரேட்டர் அதை "அமானத்"னு படிச்சுட்டு நல்ல பேருன்னார் :-) ராத்திரி வேலை முடிஞ்சதும் அந்த ஃபைல் காலியா இல்லையான்னு ஸ்க்ரிப்ட் பார்க்கும். காலியா இல்லேன்னா காலைல எட்டு மணிக்கு எனக்கு வரும், ரெண்டு மணிக்கு இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஆள் கண்டுபிடிச்சுப் பைசல் பண்ணிட்டுதான் டீ குடிக்கப் போறது.

முன்கூட்டியே தெரிஞ்ச சத்தத்தை வாயைப் பொத்தி நிறுத்தறதில்லை, வராமப் பார்த்துக்கறேன். ஃபைல் இருக்கான்னு முதல்ல கேட்டுட்டு அப்புறம் சிபி. டைரக்டரி ஏற்கெனவே இருக்குன்னு எம்கேடிர் கத்துதா, 'எம்கேடிர் -பி' போட்டா கத்தாது, ஆனா அனுமதி இல்லேன்னா அப்பவும் சொல்லும். அந்த வித்தியாசம்தான் முக்கியம். நகல் ஜெயிச்சாத்தான் "முடிந்தது"ன்னு எழுதணும், நடுவில && போட்டா போதும். தோத்தா எக்ஸிட் 1, பச்சை விளக்கு கிடையாது. குழாய் போட்டு நாலு கட்டளையைச் சேர்த்தா கடைசிக் கட்டளையோட எண் மட்டும்தான் கணக்குல வரும். 'செட் -ஓ பைப்ஃபெயில்' போட்டாத்தான் நடுவில தோத்தவன் தெரிவான். 'செட் -ஈ' போட்டா எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்னு பையன்கள் சொல்றாங்க. நம்பாதீங்க, இஃப்-புக்குள்ள, || பக்கத்துல எல்லாம் அது கண்ணை மூடிக்கும்.

அப்புறம் இந்த >/டெவ்/நல் 2>&1. இடமிருந்து வலமா படிக்கணும். 1-ஐக் கிணத்துக்கு அனுப்பு, 1 இப்ப எங்க போகுதோ அங்கயே 2-ஐயும் அனுப்பு. ரெண்டும் போச்சு. மாத்தி எழுதினா 2 மட்டும் திரைக்கு வரும். இது தெரியாம க்ரான்டேப்ல முதல் வடிவத்தை நகல் எடுத்து ஒட்டினவங்க எத்தனை பேரோ.

/டெவ்/நல்லே பாவம்னு சொல்ல வரலை. ஒரு கட்டளை மெஷின்ல இருக்கா இல்லையான்னு பார்க்கிறப்ப நானும் போடுவேன். அங்க எனக்கு வேண்டியது எக்ஸிட் கோட் மட்டும்தான், வர்ற வார்த்தை வேண்டாம். கேட்டுட்டுத் தூக்கிப்போடறது வேற, கேக்காமலே தூக்கிப்போடறது வேற.

இன்னொரு மாத்தமும் செஞ்சேன், அது சுத்தமான வங்கி வழக்கம். கிளைல இருந்தப்ப ஒண்ணுமே நடக்கலைன்னாலும் தலைமை அலுவலகத்துக்கு "நில்" ஸ்டேட்மெண்ட் அனுப்பணும். வெட்டி வேலைன்னு எத்தனை நாள் திட்டியிருப்பேன்! இப்ப ரிட்டர்ன் இல்லாத நாள்லயும் "இன்று ரிட்டர்ன்: 0"ன்னு ஒரு ஃபைல் போகும். அந்த ஃபைலும் வரலேன்னா சேச்சி இடத்துல இப்ப இருக்கறவர் ஃபோன் பண்ணுவார். நல்-ஐ எடுத்துட்டு நில்-ஐ வெச்சேன்னு பையன்கிட்ட சொன்னேன். ஹைதராபாத் பையன், தமிழ் சிலேடை புரியலை.

வீட்டுக் கதையும் ஒண்ணு இருக்கு. 2016-ல நைனா கிணத்து மேட்டுல வழுக்கி விழுந்து இடுப்புல அடி. இருபது நாள் படுக்கை. இருபது நாளும் நான் ஃபோன் பண்ணினேன். அம்மா எடுத்து, "எல்லாரும் நல்லா இருக்கோம் கண்ணா. நைனா மண்டிப் பக்கம் போயிருக்கார்"ன்னே சொல்லிக்கிட்டிருந்தாங்க. எக்கோ "முடிந்தது" மாதிரி. தெரிஞ்சப்ப எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மா அசரலை. "சொன்னா நீ என்ன பண்ணுவ? அங்க உக்காந்து தூங்காம இருப்ப"ன்னாங்க.

அதுக்கப்புறம் ஊர்ல இருக்கிற தம்பியோட ஒரு ஒப்பந்தம். அம்மா 1-ஆம் வாசல், அவன் 2. அம்மாகிட்ட பேசி முடிச்சதும் அவனைத் தனியாக் கூப்பிடுவேன். நேத்து ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான். அம்மா எல்லாம் சுகம்னாங்க. பத்து நிமிஷம் கழிச்சு தம்பி லைன்ல: மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு, அம்மாவுக்கு சர்க்கரை 240, நைனா வாக்கிங் ஸ்டிக்கை எடுக்க மாட்டேங்கிறார். எழுதி வெச்சுக்கிட்டேன். மோட்டாருக்குப் பணம் இன்னிக்கு அனுப்பிட்டேன். சர்க்கரைக்கு டாக்டர்கிட்ட வர்ற வியாழக்கிழமை அழைச்சுட்டுப் போறான்.

ஃபோனை வெச்சதும் வீட்டம்மா கேட்டாங்க. "உங்க முதுகுவலி, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னது, அதைத் தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"இல்லை. அவன் அங்க உக்காந்து கவலைப்படுவான்."